பனியில் கால் பத்திரம்!

குளிர் நாட்டு வேலைக்கு பூட்ஸ் வாங்குவது எப்படி? வாங்கிய பூட்ஸைக் காப்பது எப்படி?

1953-ம் ஆண்டு, மே மாதம் 29-ந் தேதி. அதிகாலை நேரம்.

இமயமலையில், 27 ஆயிரத்து 900 அடி உயரத்தில், ஒரு சின்னஞ்சிறு கூடாரம். உள்ளே இரண்டு பேர். ஒருவர் டென்சிங். மற்றவர் ஹில்லாரி. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். அதுவரை யாரும் ஏறித் திரும்பாத உச்சி அது.

ஹில்லாரி தமது பூட்ஸை எடுத்தார். காலை நுழைக்க முடியவில்லை. பூட்ஸ் கல்லைப்போல உறைந்து கிடந்தது!

என்ன நடந்தது? முதல் நாள் நடந்ததில் பூட்ஸில் ஈரம் ஏறி இருந்தது. இரவு அதைக் கழற்றி வைத்துவிட்டு அவர் படுத்தார். குளிரில் அந்த ஈரம் ஐஸ் ஆகிவிட்டது. டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஹில்லாரி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பூட்ஸை நெருப்பில் காட்டிக் காட்டி இளக வைத்தார். தோல் கருகும் நாற்றம் கூடாரம் எங்கும் பரவியது. ஒருவழியாகக் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். பதினொன்றரை மணிக்கு உச்சியில் நின்றார்கள்.

உலகின் மிக உயர்ந்த சிகரத்தை வென்ற மனிதரையே பூட்ஸில் இருந்த ஈரம் தடுத்து நிறுத்தப் பார்த்தது! குளிரில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. குளிரைவிடப் பெரிய பகை ஈரம்.

நமக்கு எதற்கு இது?

"நம் ஊரில் பனிக்கட்டி ஏது? இந்த பூட்ஸ் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

1983-ம் ஆண்டு இலங்கையில் இனக் கலவரம் நடந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கனடாவுக்குப் போய்க் குடியேறினார்கள். டொரண்டோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழ்க் கடைகளும் கோவில்களும் எழுந்தன. இன்று தமிழ்நாட்டில் இருந்தும் பிள்ளைகள் படிக்கவும் வேலை பார்க்கவும் அங்கே போகிறார்கள்.

கனடாவின் குளிர் எப்படிப்பட்டது? தண்ணீர் உறைகிற நிலையை பூஜ்யம் டிகிரி என்கிறோம். வின்னிப்பெக் என்ற நகரத்தில் ஜனவரி மாதச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 16 டிகிரி! அந்தக் குளிரிலும் கட்டிடம் கட்ட வேண்டும். லாரியில் சரக்கு ஏற்ற வேண்டும். தெருவில் குவிந்த பனியை அள்ள வேண்டும்.

நம் பக்கத்திலும் குளிர் வேலை இல்லாமல் இல்லை. தூத்துக்குடியிலும் கொச்சியிலும் மீனையும் இறாலையும் உறைய வைக்கும் கிடங்குகள் இருக்கின்றன. உறைந்த மீனை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே கனடாவின் குளிர்! அங்கே மூட்டை தூக்குகிறவருக்கும் கால் இருக்கிறது அல்லவா?

பூட்ஸ் சூடு தருமா?

தராது! பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பூட்ஸ் அடுப்பு அல்ல. அது சூட்டை உண்டாக்காது. நம் உடம்பின் சூடு வெளியே ஓடாமல் தடுக்கும். அவ்வளவுதான்.

ஐஸ் வியாபாரி ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தூள் குளிர்ச்சியான பொருளா? இல்லை. தூளுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்கிறது. அந்தக் காற்று வெளியே உள்ள சூட்டை உள்ளே விடுவதில்லை. பூட்ஸிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் திசை மாறி நடக்கிறது. உள்ளே உள்ள சூட்டை வெளியே விடுவதில்லை.

பூட்ஸின் உள்ளே கம்பளியோ, பஞ்சோ, செயற்கை இழையோ வைத்துத் தைப்பது இதற்குத்தான். ஹில்லாரி போட்டிருந்த பூட்ஸில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? நம் வீட்டுத் தலையணையில் அடைக்கிறோமே, அந்த இலவம் பஞ்சு! ஏறக்குறைய ஓர் அங்குல கனத்துக்கு வைத்திருந்தார்கள்.

ஈரம் பட்டால் என்ன ஆகும்? காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் சூட்டை விரைவாக இழுத்துக்கொண்டு போகும். ஈரக் கால், காய்ந்த காலைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும் என்று தொழிலாளர் பாதுகாப்பு நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்த பூட்ஸாக இருந்தாலும், உள்ளே நனைந்துவிட்டால் அது வெறும் பாரம்தான்!

தண்ணீர் வரும் இரண்டு வழிகள்

முதல் வழி வெளியில் இருந்து வருவது.

அமெரிக்காவில் மெய்ன் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே லியான் பீன் என்று ஒருவர் இருந்தார். வேட்டைக்குப் போகும்போதெல்லாம் அவரது கால் நனைந்தது. அவர் ஒரு யோசனை செய்தார். பூட்ஸின் அடிப்பாகத்தை ரப்பரால் செய்தார். மேல்பாகத்தைத் தோலால் செய்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்தார். 1912-ம் ஆண்டில் 100 ஜோடி விற்றார். அதில் 90 ஜோடி திரும்பி வந்துவிட்டது! ரப்பரும் தோலும் சேரும் தையல் பிய்ந்து போயிற்று.

பீன் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கினார். குறையைச் சரிசெய்து மறுபடியும் விற்றார். அந்த பூட்ஸ் இன்றும் விற்பனை ஆகிறது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? தண்ணீர் பெரும்பாலும் தோலின் நடுவே புகாது. தையலிலும், ஒட்டிலும், நாக்கின் ஓரத்திலும் புகும். பூட்ஸ் வாங்கும்போது இந்த இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி உள்ளே இருந்து வருவது. அதுதான் வேர்வை!

"குளிரில் கால் வேர்க்குமா?" என்று கேட்காதீர்கள். மூட்டை தூக்கினால் எந்தக் குளிரிலும் வேர்க்கும். முழு ரப்பர் பூட்ஸில் வெளித் தண்ணீர் ஒரு சொட்டுகூட நுழையாது. ஆனால் உள்ளே உள்ள வேர்வையும் வெளியே போகாது.

இதற்கு ஒரு வழி 1969-ம் ஆண்டு பிறந்தது. அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் ஒரு வகைப் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த மெல்லிய ஏடாக நீண்டது! தண்ணீர்த் துளி அந்தத் துளையில் நுழைய முடியாது. வேர்வையின் ஆவி மட்டும் வெளியே போகும். இப்போது பல தோல் பூட்ஸ்களில் இப்படிப்பட்ட ஏட்டை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள்.

எதை வாங்குவது?

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "என் வேலை நிற்கிற வேலையா? நடக்கிற வேலையா?"

பனிக் குழம்பிலும் தண்ணீரிலும் நிற்கிற வேலையா? முழு ரப்பர் பூட்ஸ் நல்லது. உள்ளே தடித்த கம்பளி உறை இருக்க வேண்டும். அந்த உறை தனியே கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். கழற்ற முடிந்தால்தான் காய வைக்க முடியும்.

நாள் முழுவதும் நடந்து, ஏறி இறங்குகிற வேலையா? ஆவியை வெளியே விடும் ஏடு வைத்த தோல் பூட்ஸ் நல்லது.

கடையில் பூட்ஸ் மேல் 200 கிராம், 400 கிராம், 800 கிராம், 1000 கிராம் என்று எழுதி இருக்கும். இது பூட்ஸின் எடை அல்ல! உள்ளே வைத்திருக்கும் இழைத் துணியின் கனம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதையே அப்படிக் குறிக்கிறார்கள். கிராம் கூடினால் கதகதப்பு கூடும்.

"அப்படியானால் 1000 கிராமே வாங்கிவிடலாமே!" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். ஓடி ஆடி வேலை செய்கிறவர் அதைப் போட்டால் கால் வேர்த்துக் கொட்டும். வேர்வை ஈரமாகும். ஈரம் குளிரைக் கொண்டுவரும். நடக்கிற வேலைக்கு 200 அல்லது 400 பெரும்பாலும் போதும். கடும் குளிரில் ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத்தான் 800, 1000 எல்லாம்.

பச்சை முக்கோணம்

கனடாவில் வேலைக்கான பூட்ஸ் வாங்கும்போது அடையாளச் சின்னத்தைத் தேடுங்கள்.

பச்சை முக்கோணம் இருந்தால், விரல்களுக்கு மேல் உறுதியான கவசம் இருக்கிறது என்று பொருள். அடியில் ஆணி குத்தாத தகடும் இருக்கிறது என்று பொருள். நீலச் செவ்வகம் இருந்தால் விரலுக்குக் கவசம் உண்டு. ஆணி குத்தாத தகடு இல்லை. வெள்ளைக் கட்டத்தில் குதிரை லாடம் போன்ற ஆரஞ்சு நிற எழுத்து இருந்தால், அந்த அடிப்பாகம் மின்சார அதிர்ச்சியைத் தடுக்கக் கூடியது. அதுவும் காய்ந்து இருக்கும்போது மட்டுமே!

நம் நாட்டில் பாதுகாப்பு பூட்ஸுக்கு ஐ.எஸ். 15298 என்ற தர எண் இருக்கிறது. குளிர்க் கிடங்கு வேலை என்றால் அதோடு 'சி.ஐ.' என்ற இரண்டு எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரைத் தடுக்கும் சோதனையில் தேறியது என்பதன் அடையாளம் அது. அந்தச் சோதனையில் பூட்ஸை பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரிக் குளிரில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். உள் அடியின் சூடு 10 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது.

இறுக்கம் ஆபத்து!

குளிருக்கு பயந்து மூன்று காலுறைகளைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பூட்ஸைத் திணிக்கிறவர்கள் உண்டு. இது பெரிய தவறு.

காலுக்குச் சூட்டைக் கொண்டுவருவது ரத்தம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். நடுவே இருக்கும் காற்றும் நசுங்கிப் போகும்.

தென் துருவத்தை முதலில் அடைந்தவர் ஆமுண்ட்சென். அவரது கோஷ்டிக்கே பூட்ஸ் தொல்லை கொடுத்தது. பனிக்காலம் முழுவதும் பாசறையில் உட்கார்ந்து பூட்ஸைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினார்கள். 1911-ம் ஆண்டு செப்டம்பரில் அவசரமாகக் கிளம்பினார்கள். சிலருக்குக் குதிகால் உறைந்துவிட்டது. திரும்பி வந்தார்கள். பூட்ஸை மறுபடியும் சரிசெய்தார்கள். பிறகு போய், டிசம்பர் 14-ந் தேதி துருவத்தில் கொடி நாட்டினார்கள்.

ஆகவே கடைக்கு மாலை நேரத்தில் போங்கள். மாலையில் கால் சற்று வீங்கி இருக்கும். வேலைக்குப் போடப்போகும் காலுறையையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. இரண்டு காலையும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கு ஏற்ற அளவே வாங்குங்கள்.

காலுறை பருத்தி வேண்டாம். பருத்தி நனைந்தால் நனைந்தபடியே இருக்கும். கம்பளி நல்லது. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். வேலைக்குப் போகும்போது ஒரு ஜோடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான உணவு நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போரில், பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளில் சிப்பாய்கள் சேற்றுத் தண்ணீரில் நின்றார்கள். அவர்களுடைய கால்கள் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கின. பல ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். பனி உறையாத நாளிலும் இந்த நோய் வந்தது. ராணுவம் ஒரு கட்டளை போட்டது. தினமும் காலைத் துடைத்து, காலுறையை மாற்ற வேண்டும். அதிகாரிகள் பார்வையிட வேண்டும். அதன் பிறகு நோய் வெகுவாகக் குறைந்தது. காய்ந்த காலுறைக்கு அத்தனை சக்தி!

வீட்டில் செய்ய வேண்டியது

வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். அன்றைய வேலையில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருக்கிறது.

முதலில் உள் உறையையும் அடி அட்டையையும் வெளியே எடுங்கள். லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். (படித்து முடித்த தாளாகப் பார்த்து வையுங்கள்!)

காற்று உலாவும் அறையில் காயவிடுங்கள். அடுப்புக்கு அருகே வேண்டாம். சூடு வரும் குழாய் மேலும் வேண்டாம். ஹில்லாரிக்கு அன்று வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. நெருப்பு காட்டினால் தோல் வெடிக்கும். பசை விட்டுப்போகும். அடிப்பாகம் கழன்றுவிடும்.

முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி, நாள் மாற்றி நாள் போடுங்கள். ஒரு ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறதா? உள் உறையையாவது இன்னொரு ஜோடி வாங்குங்கள்.

டொரண்டோவில் சாலைப் பனி உருகுவதற்காக உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு தோலைத் தின்றுவிடும். பூட்ஸில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உப்புதான். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். தோல் காய்ந்த பிறகு, பூட்ஸ் செய்தவர் சொல்லும் மெழுகைத் தடவுங்கள். கண்ட கொழுப்பையும் எண்ணெயையும் பூசாதீர்கள். ஆவி போகும் வழி அடைபட்டுவிடும். ரப்பருக்கோ எண்ணெயும் வெயிலும் எதிரிகள்.

ஒழுகுகிறதா என்று சந்தேகமா? உள்ளே மெல்லிய காகிதத்தைப் பரப்பி வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கணுக்கால் உயரத்துக்கு பூட்ஸை நிறுத்துங்கள். மிதக்காமல் கையால் அழுத்திப் பிடியுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். காகிதம் நனைந்த இடமே ஓட்டைக்கு அடையாளம். ரப்பர் பூட்ஸில் சிறு ஓட்டை என்றால், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவது போல ஒட்டுப் போடலாம்.

குளிர்காலம் முடிந்ததும் கழுவி, நன்றாகக் காயவைத்து, நிழலில் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

வலி நின்றால் மகிழாதீர்கள்!

குளிரில் கால் முதலில் வலிக்கும். பிறகு குறுகுறுக்கும். பிறகு மரத்துப்போகும். வலி நின்றுவிடும். "அப்பாடா, பழகிவிட்டது" என்று நினைக்கத் தோன்றும். ஜாக்கிரதை! அபாயம் வந்துவிட்டது என்பதன் அறிகுறி அது.

வெள்ளைக்காரர்களின் தோலில் நிறம் மாறுவது உடனே தெரியும். நம்முடைய கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. ஆகவே தொட்டுப் பாருங்கள். மெழுகு போல வழவழப்பாக, கெட்டியாக, சில்லென்று இருந்தால் சதை உறையத் தொடங்கிவிட்டது.

அப்போது காலைத் தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்ப்பது மிகவும் கெடுதல். நெருப்பிலும் காட்டாதீர்கள். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. கதகதப்பான அறைக்குப் போய், ஈரத் துணியைக் கழற்றுங்கள். உடனே வைத்தியரை அழையுங்கள். வைத்தியர் வருவது தாமதமானால், 37 முதல் 39 டிகிரி வரை உள்ள இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைக்கலாம். சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் குளிரில் நடக்க வேண்டி வரும் என்றால், உறைந்த காலை இளக்காதீர்கள். இளகிய சதை இரண்டாம் முறை உறைந்தால் சேதம் அதிகம்.

நீரிழிவு நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். பூட்ஸ் கடிப்பதும் தெரியாது. குளிர் ஏறுவதும் தெரியாது. தினமும் இரவு காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு மனைவியோ பிள்ளையோ பார்த்துச் சொல்லலாம். புகை பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். குளிரில் விரலுக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும்.

யார் வேலை?

முதல் சம்பளம் வாங்கிய பிள்ளை ஊருக்குப் பணம் அனுப்ப நினைக்கிறான். பூட்ஸில் மிச்சம் பிடிக்கிறான். கடையில் கிடைத்த மலிவான ஜோடியை வாங்கி மாட்டிக்கொள்கிறான். இது பல வீடுகளில் நடப்பதுதான்.

பெற்றோர்களே! அப்படிப்பட்ட பிள்ளை உங்களுக்கு இருந்தால், தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "பூட்ஸ் நனைகிறதா? காலுறை மாற்றுகிறாயா?" என்றும் கேளுங்கள். "முதலில் நல்ல பூட்ஸ் வாங்கு, பணம் அடுத்த மாதம் அனுப்பினால் போதும்" என்று சொல்லுங்கள்.

கூடவே இருக்கும் குடும்பத்தாருக்கு இன்னொரு வேலை. இரவு விளக்கை அணைக்கும் முன் வாசலுக்குப் போங்கள். பூட்ஸின் உள் உறை வெளியே எடுத்துக் காயப் போட்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். போடாவிட்டால் நீங்களே எடுத்துப் போடுங்கள். காலையில் காய்ந்த பூட்ஸில் கால் நுழையட்டும்!